கும்பினியின் மதிப்பு எவ்வளவு?

ஒரு வாணிக நிறுவனத்தின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் என்று நாளேடுகளில் படிக்கிறோம். அத்தொகை எவ்வாறு கிடைக்கிறது என்று வினவினால், விடை எளிதாகவே தோன்றும். நிறுவனம் வெளியிட்ட பங்குகள் எத்தனையோ, அந்த எண்ணை ஒரு பங்கின் சந்தை விலையால் பெருக்கினால் வருவது அதன் சந்தை மதிப்பு. பத்து இலட்சம் பங்குகள். பங்கு ஒன்று நூறு ரூபாய். ஆகவே மதிப்பு பத்துக் கோடி. பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

ஆயினும் அதே பங்கு ஒரு சந்தையில் மட்டும் விற்கப்படுவதில்லை. பம்பாயில் விற்கிறது, நியூயார்க்கில் விற்கிறது, இலண்டனிலும் விற்கிறது. ஓரிடத்தில் நூறு ரூபாய், மற்றோரிடத்தில் நூற்றைந்து ரூபாய் என்றால் எந்த விலையால் பெருக்குவது? இரண்டு சந்தைகளிலும் விற்பதால் மதிப்பும் இரு மடங்காகுமோ? தந்தையார் விட்டுச் சென்ற பங்குப் பத்திரங்களை வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வேளையில் இந்த வினா வெறும் ஏட்டுக் கல்வியாக இருப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்பது அந்த விலையைப் பொறுத்தே அமைகிறது.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் டச்சுக்காரர் பங்கு வாணிகம் தொடங்கிய நாளிலேயே எழுந்துவிட்டது. அந்த வரலாற்றில் நம் சோழமண்டலக் கரைக்கும் ஓர் இடமுண்டு. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஆறு மன்றங்களின் கதை

பழங்காலத்துக் கடல் வாணிகம் பெரும்பாலும் பயணத்துக்குப் பயணம் கணக்கு முடிக்கும் வாணிகமாகவே இருந்தது. ஒருவர் முதல் போடுவார்; மற்றவர் உழைப்பைத் தருவார்; கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, இலாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொண்டு, கூட்டைக் கலைத்துவிடுவர். முளாரபா என்று நம் முன்னோர் அறிந்திருந்த முறை இது. காயலிலிருந்தும் நாகூரிலிருந்தும் அச்சேக்கும் மலாக்காவுக்கும் பாய் விரித்த மரைக்காயர்களுக்குக் கூட்டு வாணிகம் புதியதன்று. இத்தகைய கூட்டில் 'மதிப்பு' பற்றிய குழப்பம் எழ இடமில்லை. சரக்கு விற்ற பணமே மதிப்பு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியும் 1600இல் பிறந்தபின் முதற்பயணங்களை இவ்வாறே தனித்தனிக் கணக்காக நடத்தியது.

1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் பட்டயம் வழங்கப்பட்டது. அங்கே வேறொரு முறை தோன்றிற்று. நெதர்லாந்தில் வாழும் யாவரும் முதல் போடலாம் என அறிவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆம்ஸ்டர்டாமில் இயக்குநர் டிர்க் வான் ஓஸ் என்பாரின் இல்லத்தில் பதிவேடு திறந்து வைக்கப்பட்டது. பெரும் வணிகர் பல்லாயிரம் கில்டர் எழுதினர். அவ்வீட்டின் பணிப்பெண் நீல்ட்கென் கோர்னலிஸ் என்பவளும் 100 கில்டர் எழுதினாள். இவ்வாறு சேர்ந்த முதல் 64 இலட்சம் கில்டருக்கும் அதிகம். பத்தாண்டுகள் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது முதலில் செய்த ஏற்பாடு. ஆனால் 1612இல் அந்த உரிமை நடைமுறைக்கு வராமற் போயிற்று. முதல் உள்ளேயே தங்கிவிட்டது. பணம் தேவைப்பட்டவர் தம் பங்கைப் பிறருக்கு விற்பதொன்றே வழி. பங்குச் சந்தை இவ்வாறு தேவையிலிருந்து பிறந்தது.

நாம் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டச்சுக் கும்பினி ஒரே கும்பினியாயினும் ஆறு நகரங்களின் மன்றங்களாகப் பிரிந்து இயங்கிற்று. ஆம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்கெய்சென் என்பன அவை. முதலில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாமின் பதிவேட்டில் இருந்தது; ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி சீலாந்தின் பதிவேட்டில் இருந்தது. பங்காளர் எந்த மன்றத்தில் எழுதினாரோ அந்த மன்றத்தின் ஏட்டில்தான் பெயர் மாற்ற முடியும். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்ற துணியும், மலுக்குத் தீவுகளிலிருந்து வந்த கிராம்பும் ஈட்டிய இலாபம் யாவும் ஒரே கும்பினியின் இலாபமே. பின் ஆறு மன்றப் பங்குகளும் ஒரே விலையில் விற்றிருக்க வேண்டுமல்லவா?

அவ்வாறு விற்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் மன்றத்தின் பங்கே எப்பொழுதும் உயர்ந்த விலை பெற்றது. சீலாந்துப் பங்கு அதனினும் வெகுவாகக் குறைந்து விற்றது. 1688இல் ஜோசப் தெ லா வேகா என்னும் யூத வணிகர் 'குழப்பங்களின் குழப்பம்' எனப் பொருள்படும் பெயரில் ஸ்பானிய மொழியில் ஒரு நூல் எழுதினார். பங்கு வாணிகத்தைப் பற்றி உலகில் எழுந்த முதல் நூல் அது. மன்றத்துக்கு மன்றம் விலை மாறும் இந்தப் புதுமையை அவரும் குறித்துள்ளார்.

காரணம் யாது? ஆம்ஸ்டர்டாமில் வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் திரண்டனர். நினைத்த பொழுதில் பங்கைப் பணமாக்கலாம். சிறு நகரங்களில் வாங்குபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எளிதில் கைமாறும் பொருளுக்கு மக்கள் கூடுதல் விலை தருவர். அவ்வாறாயின் சீலாந்தில் மலிவாக வாங்கி ஆம்ஸ்டர்டாமில் விற்று இலாபம் பார்க்கலாமே எனின், அதுவும் இயலாது. சீலாந்து ஏட்டில் உள்ள பெயரை ஆம்ஸ்டர்டாம் ஏட்டுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஏடுகள் இணையாதவரை விலைகளும் இணையவில்லை. இக்கும்பினியின் முழு மதிப்பை அறிய விரும்பினால் ஒவ்வொரு மன்றத்தின் முதலையும் அம்மன்றத்தின் விலையால் தனித்தனியே கணக்கிட்டு, ஆறையும் கூட்டுவதே முறை.

இரு கரைகள், ஓர் ஏடு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கும்பினியின் பங்குக்கு வேறு நிலைமை அமைந்தது. அதன் பங்கு இலண்டனிலும் விற்றது. கடலுக்கு அப்பால் ஆம்ஸ்டர்டாமிலும் விற்றது. டச்சு நாட்டுச் செல்வர் பலர் ஆங்கிலக் கும்பினியின் பங்காளராக இருந்தனர். ஆனால் பதிவேடு ஒன்றே ஒன்று. அது இலண்டனில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் நடந்த வாணிகத்தில் பெரும்பகுதி வாயிதா வாணிகம். இன்ன நாளில் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டில் நான்கு முறை கணக்குத் தீர்த்துக்கொண்டனர். தேவையானால் பங்கை இலண்டன் ஏட்டில் பெயர் மாற்றிக் கொடுக்கவும் முடியும். ஆறு மன்றங்களின் நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரு சந்தைகளையும் இணைத்தது ஒரு தபால் படகு. இங்கிலாந்தின் ஹார்விச் துறையிலிருந்து டச்சு நாட்டின் ஹெல்லவோட்ஸ்லூயிஸ் துறைக்கு வாரம் இருமுறை அது புறப்படும். காற்று சாதகமாயின் இலண்டன் விலை மூன்று நான்கு நாளில் ஆம்ஸ்டர்டாமை எட்டும். காற்று எதிர்த்துவிட்டாலோ ஒரு வாரமும் ஆகும்; அதற்கு மேலும் ஆகும். ஆம்ஸ்டர்டாம் செய்தித்தாள் ஒன்று இவ்விலைகளை முறையாக அச்சிட்டு வந்தது. அந்தத் தாள்கள் இன்றும் எஞ்சியிருப்பதால், படகு வந்த நாள்களையும் விலைகளையும் ஒப்பிட்டு அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். லாரி நீல் என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் 1990இல் வெளியிட்ட நூலில், இரு சந்தைகளின் விலைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று நெருக்கமாகத் தொடர்ந்தன என்று காட்டினார். பின்னர் பீட்டர் கௌடைஸ் என்னும் ஆய்வாளர், படகு வராத நாள்களில் ஆம்ஸ்டர்டாம் விலையின் அசைவு குறைந்திருந்தது என்றும், ஆயினும் அறவே நின்றுவிடவில்லை என்றும் கண்டறிந்தார். புதுச் செய்தி இல்லாத நாளிலும் ஒருவருக்குப் பணம் தேவைப்படும், மற்றொருவருக்கு அச்சம் பிறக்கும், விலை அசையும்.

இவ்விணைப்பை விளங்கிக்கொள்ள நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆம்பூரில் தோல் ஒரு விலைக்கும் சென்னைப் பெரியமேட்டில் வேறொரு விலைக்கும் விற்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வண்டிக் கூலியைவிட மிகுதியானால், யாரேனும் ஒரு வணிகர் ஆம்பூரில் வாங்கிப் பெரியமேட்டில் இறக்கிவிடுவார். வாங்கும் இடத்தில் விலை ஏறும். விற்கும் இடத்தில் இறங்கும். கூலி அளவு வேறுபாடு மட்டுமே எஞ்சும். இலண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே இதே வேலையைச் செய்தவர்கள் இரு கரையிலும் உறவினரையும் கூட்டாளிகளையும் வைத்திருந்த வணிகக் குடும்பத்தார். ஒரே ஏட்டில் பதிவான பங்குக்கு எத்தனை சந்தை இருந்தாலும் மதிப்பு ஒன்றாகவே நிலைகொள்வதன் காரணம் இது.

சென்னையில் வாள், இலண்டனில் விலை

இனி, இக்கணக்கு நம் மண்ணோடு எவ்வாறு பின்னியிருந்தது என்பதைப் பார்ப்போம்.

1765 ஏப்ரலில் இராபர்ட் கிளைவ் சென்னைத் துறையில் வந்திறங்கினார். வங்காள நவாபு மீர் ஜாஃபர் இறந்துவிட்ட செய்தி அவருக்கு இங்கே கிடைத்தது. கும்பினிக்குப் பெரும் வருவாய் வரப்போகிறது என்பதை உடனே உணர்ந்துகொண்ட அவர், தம் பணம் முழுவதையும், தம் பெயரில் கடன் வாங்கக்கூடிய பணத்தையும் கும்பினிப் பங்கிலே போடுமாறு இலண்டனில் இருந்த தம்மவர்க்குச் சங்கேத எழுத்தில் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையைக் கும்பினிக்கு அளித்தார். அச்செய்தி இலண்டனை அடைந்தது 1766 ஏப்ரலில். 100 பவுண்டு முதலுக்கு 170க்குள் இருந்த பங்கு விலை, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 250ஐயும் தாண்டிற்று. ஆண்டு ஆதாயமும் நூற்றுக்கு 6 என்பதிலிருந்து 10 ஆகி, 12½ ஆகவும் உயர்த்தப்பட்டது. வங்காள உழவரின் வரிப்பணம் இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பங்கு விலையாக உருமாறிற்று.

பின்னர் வந்தது 1769ஆம் ஆண்டு. மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துள் புகுந்து கும்பினிப் படைகளை அலைக்கழித்தார். மார்ச் மாத இறுதியில் அவரது குதிரைப் படை சென்னைக் கோட்டைக்குச் சில மைல் தொலைவில் வந்து நின்றது. கும்பினியார் வேறு வழியின்றி உடன்பாட்டுக்கு இசைந்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை முடிந்தது. இச்செய்தி கடலைச் சுற்றிக்கொண்டு இலண்டன் சேர ஏறத்தாழ ஆறு மாதம் வேண்டும்.

ஆனால் அதற்கு முந்திய மாதங்களின் போர்ச் செய்தியைத் தாங்கிய கப்பல்கள் மே மாதத்தில் இலண்டனை அடைந்தன. ஹைதர் அலி கர்நாடகத்தைச் சூறையாடுகிறார்; பிரெஞ்சுக்காரரும் சேர்ந்துகொள்ளக்கூடும் என்ற பேச்சுப் பரவிற்று. கும்பினிப் பங்கின் விலை சில வாரங்களில் பத்தில் ஒரு பகுதிக்கும் மேலாகச் சரிந்தது. இலண்டன் காப்பிக் கடைகளில் பங்குகளை விற்றுத் தள்ளிய அந்நேரத்தில், சென்னையில் உடன்படிக்கை முடிந்து வாரங்கள் பல ஆகியிருந்தன! முடிந்துபோன போருக்கு அஞ்சிப் பலர் தம் செல்வத்தை இழந்தனர்.

இங்கே நம் கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். அந்நாளில் கும்பினியின் முதல் ஏறத்தாழ 32 இலட்சம் பவுண்டு. 100 பவுண்டு முதலுக்கு விலை 270 எனக் கொண்டால், கும்பினியின் சந்தை மதிப்பு 86 இலட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. விலை 240க்கு இறங்கினால் 76 இலட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. இலண்டனில் விலை இறங்கிய செய்தியோடு படகு ஹார்விச்சில் காற்றுக்குக் காத்து நிற்கிறது; ஆம்ஸ்டர்டாமில் இன்னும் 270க்கே கொள்வினை நடக்கிறது. அந்த மூன்று நாளும் கும்பினியின் மதிப்பு எது? இலண்டனின் 76 இலட்சமா, ஆம்ஸ்டர்டாமின் 86 இலட்சமா? இரண்டும் அந்தந்த ஊரார் அறிந்த செய்தியின்படி நேர்மையான விலைகளே. ஆனால் ஒன்று புதியது, மற்றது பழையது. ஏடு இருக்குமிடமும், செய்தி முதலில் வந்து சேருமிடமும், மிகுதியான பங்கு கைமாறுமிடமும் இலண்டனாதலின், இலண்டன் விலையையே அளவுகோலாகக் கொள்வது முறை. இரண்டையும் கூட்டி ஒருகோடியே 63 இலட்சம் எனச் சொல்பவரை எவரும் ஏற்கமாட்டார். கும்பினி இரண்டில்லை, முதலும் இரண்டில்லை.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அந்த நாளில் விலை பேசிக் கைமாறியவை மிகச் சில பங்குகளே. அச்சிலருடைய விலையால் எல்லாப் பங்கையும் பெருக்குகிறோம். எல்லாப் பங்காளரும் ஒரே நாளில் விற்க வந்தால் அந்த விலை கிடைக்காது. ஆகவே சந்தை மதிப்பு என்பது கடைசியாக நடந்த கொள்வினையின் விலையைக் கொண்டு முழுமையையும் மதிப்பிடும் ஒரு கணிப்பு. பெட்டியிலுள்ள பணம் போன்றதன்று அது.

இதனை மறந்தவர் பட்ட பாட்டை 1772 காட்டிற்று. கும்பினிப் பங்கு இறங்கும் என்று வாயிதா பேசியிருந்த இலண்டன் வட்டிக்கடைக்காரர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ், தாம் எண்ணிய வேளையில் விலை இறங்காமையால் அவ்வாண்டு ஜூன் மாதம் தலைமறைவானார். அதற்கு மாறாக, விலை ஏறும் என்று பேசியிருந்த ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கிளிஃபோர்டு நிறுவனம், கும்பினியின் நெருக்கடி வெளிப்பட்டு விலை சரிந்தபின் ஆண்டிறுதியில் நொடித்தது. ஒரே பங்கைப் பற்றி எதிரெதிராகப் பந்தயம் கட்டிய இரு கரையினரும் வீழ்ந்தனர். அவர்கள் பந்தயம் கட்டிய அவ்வாண்டுகளிலேதான் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து எண்ணற்ற மக்கள் மாண்டனர். விலைப் பட்டியலில் அம்மக்களுக்கு இடமிருக்கவில்லை.

அறுபதுக்கு நாற்பது

செய்தி செல்லத் தாமதமானதால்தான் விலை வேறுபட்டது. தந்தியும் தொலைபேசியும் வந்தபின் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும் என நினைக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் எண்ணெய் நிறுவனம் ஒன்று அந்நினைப்பைப் பொய்யாக்கிற்று.

சுமத்ராவின் எண்ணெயை எடுக்க 1890இல் தோன்றியது இராயல் டச்சு நிறுவனம். 1897இல் இலண்டனில் மார்க்கஸ் சாமுவேல் தொடங்கியது ஷெல் நிறுவனம். 1907இல் இரண்டும் இணைந்தன. ஆயினும் இரண்டு பெயரும் இரண்டு பங்கும் அப்படியே நீடித்தன. ஈட்டும் ஆதாயத்தில் 60 பங்கு இராயல் டச்சுக்கு, 40 பங்கு ஷெல்லுக்கு என்பது உடன்பாடு. அவ்வாறெனில் இராயல் டச்சின் சந்தை மதிப்பு ஷெல்லின் மதிப்பைப் போல் ஒன்றரை மடங்காக எந்நாளும் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு தெளிவானது.

நடந்ததோ வேறு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராயல் டச்சுப் பங்கு, இருக்க வேண்டிய விலையினும் 30 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்து விற்றது. 1990களில் 15 விழுக்காடும் அதற்கு மேலும் உயர்ந்து விற்றது. ஒரே கிணற்று எண்ணெய். ஒரே கணக்குப் புத்தகம். செய்தியும் நொடியில் உலகெங்கும் எட்டிவிடுகிறது. இருந்தும் ஆம்ஸ்டர்டாமும் நியூயார்க்கும் ஒரு மதிப்பைச் சொல்லின. இலண்டன் வேறொன்றைச் சொல்லிற்று.

ஆறு மன்றங்களின் கதையே இங்கு மீண்டும் நிகழ்ந்தது. இராயல் டச்சுப் பங்கைக் கொடுத்து ஷெல் பங்கைப் பெற்றுக்கொள்ள வழியில்லை. ஏடுகள் இரண்டு. மேலும், அமெரிக்காவின் பெயர் பெற்ற 500 நிறுவனங்களின் பட்டியலில் இராயல் டச்சு 2002 வரை இடம்பெற்றிருந்தது. அப்பட்டியலைப் பின்பற்றி முதலீடு செய்வோர் விலை நோக்காது அதனையே வாங்கினர். ஷெல்லுக்கு அந்த ஆதரவு இலண்டன் பட்டியலில்தான் கிடைத்தது.

இவ்வேறுபாடு என்றேனும் மறைந்தே தீரும் என்று நம்பிய அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று, 1997இல் ஷெல்லை வாங்கி இராயல் டச்சை வாயிதாவாக விற்றது. நோபல் பரிசு பெற்ற பொருளியலார் இருவரைக் கூட்டாளிகளாகக் கொண்ட எல்.டி.சி.எம். என்னும் நிறுவனம் அது. அப்போது வேறுபாடு 8 முதல் 10 விழுக்காடு. அடுத்த ஆண்டு உலகெங்கும் பண நெருக்கடி பரவியபோது அவ்வேறுபாடு குறைவதற்கு மாறாக 20 விழுக்காட்டையும் தாண்டிற்று. பிற இழப்புகளோடு இதுவும் சேர, 1998 செப்டம்பரில் அந்நிறுவனம் நிலைகுலைந்தது. அவர்கள் கணித்தது ஒருவகையில் சரியே. 2005இல் இரு நிறுவனங்களும் ஒரே நிறுவனமாகி, வேறுபாடு மறைந்தது. ஆனால் அந்நாள்வரை காத்திருக்கக் கடன் கொடுத்தவர் விடவில்லை.

ஏடு மூடப்பட்ட நாள்

நம் தமிழ் மக்கள் பலர் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. இவ்விரு நாடுகளுக்கும் ஒரு காலத்தில் ஒரே பங்குச் சந்தை இருந்தது. நாணயங்களின் இணைப்பு முறிந்த 1973இல் சந்தையும் இரண்டாயிற்று. ஆயினும் மலேசிய நிறுவனப் பங்குகள் இரு சந்தைகளிலும் தொடர்ந்து விற்றன. 1990 ஜனவரி முதல் மலேசிய நிறுவனங்கள் சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. சிங்கப்பூரார் 'குளோப்' எனச் சுருக்கமாக வழங்கிய புதியதோர் அமைப்பை உண்டாக்கி, அப்பங்குகளின் வாணிகத்தை அங்கே தொடர்ந்தனர்.

1998இல் கீழை நாடுகளின் நாணயங்கள் சரிந்து, மலேசிய அரசு செப்டம்பர் முதல் நாள் பணப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதையொட்டி, கோலாலம்பூர்ச் சந்தைக்கு வெளியே நடைபெறும் மலேசியப் பங்கு வாணிகம் ஏற்கப்படமாட்டாது என்றும் அறிவிக்கப்பட்டது. குளோப் வாணிகம் நின்றது. 112 நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்த ஏறத்தாழ 1,72,000 பேரின் சேமிப்பு அசையாமல் முடங்கிற்று. அவர்களுள் பெரும்பாலோர் சிறு சேமிப்பாளர். கோலாலம்பூர்ச் செய்தித்தாளில் அதே பங்குக்கு நாள்தோறும் விலை அச்சாயிற்று. அவ்விலையால் பெருக்கி நிறுவனத்தின் மதிப்பும் கூறப்பட்டது. ஆனால் சிங்கப்பூர்ச் சேமிப்பாளர் கையில் இருந்த பங்கை அந்த விலைக்கு விற்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டு, பங்குகள் படிப்படியாகக் கோலாலம்பூர் ஏட்டுக்கு மாற்றப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பிள்ளையின் படிப்புக்கோ மகளின் திருமணத்துக்கோ அப்பணத்தை நம்பியிருந்தவர்களின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியாவில் 1875இல் பம்பாய்ப் பங்குச் சந்தை தோன்றிற்று. கல்கத்தாவிலும் சென்னையிலும் சந்தைகள் இருந்தன. ஒரே ஆலையின் பங்கு ஊருக்கு ஊர் சற்று மாறி விற்ற காலத்தில், தந்தியையும் தொலைபேசியையும் நம்பி அவ்வேறுபாட்டில் பிழைத்த தரகர்கள் இருந்தனர். 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணிப்பொறி வழியே வாணிகம் தொடங்கியது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காகிதப் பத்திரங்கள் மின்னணுப் பதிவேட்டுக்கு மாறலாயின. ஒரே கணக்கில் உள்ள பங்கை இன்று எந்தச் சந்தையிலும் விற்கலாம் ஆதலால், இரு பெருஞ்சந்தைகளின் விலைகளும் சில காசுகளுக்கு மேல் வேறுபடுவது அரிது. தனித்து நிற்க இயலாத சென்னைச் சந்தை 2015இல் விலகிக்கொண்டது.

நாடு கடந்த நிலையிலோ பழைய கதையே தொடர்ந்தது. பெங்களூரின் இன்ஃபோசிஸ் நிறுவனம் 1999 மார்ச்சில் அமெரிக்கச் சந்தையில் தன் பங்கு இரசீதுகளை விற்றது. அவ்விரசீதுகள் பம்பாய் விலையினும் வெகுவாக உயர்ந்து பல ஆண்டுகள் விற்றன. பம்பாயில் வாங்கிய பங்கை அமெரிக்க இரசீதாக மாற்றத் தடையும் வரம்பும் இருந்தமையே முதற்காரணம். அந்த உயர்ந்த விலையால் எல்லாப் பங்கையும் பெருக்கி நிறுவனத்தின் மதிப்பைச் சொன்னவர்கள் மிகைப்படுத்தியவர்களே. பங்குகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் இருந்தன. இங்குள்ள விலையே அவற்றுக்கு உரியது.

இவ்வளவும் கண்டபின், கணக்கிடும் முறையைச் சுருக்கிக் கூறலாம். முதலாவது, பங்குகளை ஒரு முறையே எண்ண வேண்டும். எத்தனை சந்தையில் விற்றாலும் எண்ணிக்கை பெருகாது. இரண்டாவது, ஒரு சந்தையின் பங்கை மற்றதற்குத் தடையின்றி மாற்ற முடியுமாயின், மிகுதியான கொள்வினை நடக்கும் சந்தையின் விலையைக் கொள்ள வேண்டும். மூன்றாவது, விலைகளை ஒப்பிடும்போது ஒரே நாளின் விலையையும் அந்நாளின் நாணய மாற்று வீதத்தையும் கொள்ள வேண்டும். நியூயார்க்கின் நேற்றைய விலையைப் பம்பாயின் இன்றைய விலையோடு ஒப்பிடுவது, ஹார்விச்சில் நின்ற படகை மறந்த கணக்காகும். நான்காவது, மாற்ற முடியாத வெவ்வேறு பங்குகளாயின் ஒவ்வொன்றையும் அதனதன் விலையால் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

குடும்பத்தில் பங்குகளைப் பிரித்துக்கொள்ள உட்காரும் பெரியவர்கள் பாகப் பத்திரத்தில் 'அன்றைய விலைப்படி' என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது. எந்தச் சந்தையின் விலை, எந்த நாளின் விலை, வெளிநாட்டுப் பங்காயின் எந்த நாணய வீதம் என்பவற்றையும் எழுதிவிடுதல் நலம். அதற்கும் முன்னதாக, அந்தப் பங்கு எந்த ஏட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதை விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும். சீலாந்தின் பங்காளருக்கும் சிங்கப்பூரின் சேமிப்பாளருக்கும் இடையே நானூறு ஆண்டு இடைவெளி உண்டு. இருவரும் பட்ட தொல்லை அந்த ஏட்டிலிருந்தே வந்தது.